வெர்னனின் கார்புரேட்டர்

ஆர்டிஸ் டீட்ஸ் அந்தக் கார்புரேட்டரைக் கோழி வாட்டும் தட்டில் வைத்து, பாத்திரம் துடைக்கும் துணியால் மூடிக் கொண்டுவந்தாள். மார்ச் மாதத்துச் சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். டொலீடோவுக்குக் கிழக்கே, ஏரியை ஒட்டிய அந்தப் பக்கமெல்லாம் பனி உருகி, வாய்க்கால்களில் மட்டும் அழுக்குப் பஞ்சு மாதிரி மிச்சம் கிடந்தது. ரோமன் பாஷெக் தன் ஷெட்டின் பெரிய கதவைப் பாதி உயர்த்தி வைத்துவிட்டு, அடுப்புக்குக் கட்டை போட்டுக்கொண்டிருந்தான். குனிந்து உள்ளே நுழைந்த பெண்பிள்ளையின் பூட்ஸைத்தான் முதலில் பார்த்தான். முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்தான்.

அவளை அவன் ஏழு மாதமாகத் தவிர்த்து வந்தான். சர்ச்சில் அவள் இடப்பக்கம் உட்கார்ந்தால் இவன் வலப்பக்கம் உட்காருவான். கடையில் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு வரிசையில் வந்தால் இவன் அடுத்த வரிசைக்குப் போய்விடுவான்.

"இதைக் கொஞ்சம் பாரு ரோமன்," என்றாள். "மன்ரோ ஊர்ல ஒருத்தர் வெர்னன் கார் இன்ஜினை வாங்கிக்கறேன்னு சொல்லியிருக்கார். கார்புரேட்டரை யாராச்சும் பார்த்து ஓகே சொன்னா இதையும் சேர்த்து எடுத்துக்குவாராம். உன்னை விட்டா எனக்கு யாரைத் தெரியும்?"

ரோமனுக்கு ஐம்பத்தெட்டு வயது. கண்ணாடி ஆலையில் உலைப் பக்கம் முப்பது வருஷம் வேலை பார்த்து, முதுகு போனதும் வெளியே வந்தவன். ஷெட்டில் பழைய கார்களின் கார்புரேட்டர்களைப் பிரித்துச் சீர்செய்து கொடுப்பது அவனுடைய மிச்ச வாழ்க்கையாக இருந்தது. ஓஹையோவின் வடமேற்கு மூலையில் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் பாதிப் பேராவது அவனிடம் வந்திருப்பார்கள். ஆர்டிஸின் புருஷன் வெர்னன் வரவில்லை. அவனுக்குத் தன் கையாலேயே எல்லாம் செய்யவேண்டும். இரண்டு பேரிடமும் ஒரே கம்பெனியின் அறுபத்தைந்தாம் வருஷத்து இரண்டு கதவுக் கார்கள், ஒரே எட்டு சிலிண்டர் இன்ஜின். வெர்னனுடையது பச்சை, ரோமனுடையது வெள்ளை. சிநேகிதம் தொடங்கியதே அப்படித்தான்.

போன ஆகஸ்ட் மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை வெர்னனும் ஆர்டிஸும் பச்சைக் காரில் அவள் தங்கை வீட்டு ஞானஸ்நான விருந்துக்குக் கிளம்பினார்கள். கிளைச் சாலையிலிருந்து நெடுஞ்சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். கார் நின்று, பார்த்து, கிளம்பியது. பாதிச் சாலையில் சட்டென்று நின்றது போலத் தெரிந்ததாம். தக்காளி ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போய்க்கொண்டிருந்த லாரி, வெர்னன் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கதவில் இடித்தது. வெர்னன் அங்கேயே போய்விட்டான். ஆர்டிஸுக்கு ஒரு மணிக்கட்டு உடைந்தது, அவ்வளவுதான். போலீஸ் லாரிக்காரன் மேல் தப்பில்லை என்று எழுதிவிட்டுப் போனது. வெர்னனுக்கு அறுபத்தாறு வயது, குழம்பிப் போய்ப் பாதி வழியில் நின்றுவிட்டான் என்று ஊரும் முடிவுகட்டிவிட்டது.

ரோமனுக்கு மட்டும் வேறொன்று தெரியும். விபத்துக்குப் பத்து நாள் முன்னால் வெர்னன் போன் செய்திருந்தான்.

"கோடையில கார்புரேட்டரைப் பிரிச்சு மாட்டினேன்டா. சும்மா நிக்கறப்ப ஐடிலிங் நல்லாத்தான் இருக்கு. ஓடறப்பவும் பழுதில்லை. நின்ன இடத்துலேர்ந்து எடுக்கறப்பதான் ஒரு நொடி மூச்சு முட்டுது. மிதிச்சா செத்துப்போய் அப்புறம் உசிர் வருது. ஒரு நடை வந்து பாரேன்," என்றான். அடுத்தவரிடம் உதவி கேட்டு அவன் போன் செய்ததே அதுதான் முதல் தடவை.

ரோமன் அப்போது செப்டம்பர் முதல் திங்கள்கிழமை நடக்கும் கார் கண்காட்சிக்குத் தன் வெள்ளைக் காரைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டிருந்தான். "கண்காட்சி முடியட்டும் வெர்ன், பொறு. அதுவரைக்கும் மெதுவா மிதிச்சு ஓட்டு," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். புதன்கிழமை வெர்னனைப் புதைத்தார்கள். திங்கள்கிழமை ரோமன் கண்காட்சிக்குப் போனான். இரண்டாம் பரிசாக ஒரு கோப்பை கொடுத்தார்கள். அதைப் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் வைத்தவன், பிறகு எடுத்துப் பார்க்கவில்லை.

இப்போது அந்தக் கார்புரேட்டர் அவன் மேஜைமேல் இருந்தது. துணியை எடுத்தான். ஒரு மூலையில் மட்டும் கீறல். மற்றபடி வெர்னன் தேய்த்துக் கழுவி வைத்த மாதிரியே இருந்தது.

"மேல ஒண்ணும் உடையலை," என்றான், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"உள்ள?"

கார்புரேட்டரின் கிண்ணத்தில் பெட்ரோலை ஊற்றி நிரப்பினான். மேலே தொண்டை மாதிரித் திறந்திருக்கும் வாய்க்குள் டார்ச்சை அடித்துக்கொண்டு, பெடலோடு இணையும் நெம்புகோலைக் கையால் தள்ளினான். தள்ளிய மாத்திரத்தில் இரண்டு பக்கமும் இரண்டு மெல்லிய பெட்ரோல் கோடுகள் பீய்ச்ச வேண்டும். பெடலை மிதித்ததும் காற்று முந்திக்கொண்டு உள்ளே பாயும், அதற்கு ஈடாகப் பெட்ரோலையும் ஒரு வாய் கூடுதலாக ஊட்டுவதற்கென்றே அந்தக் குட்டிப் பம்ப். இங்கே நெம்புகோல் கால்வாசி நகரும் வரை ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஒரே ஒரு பக்கம், அதுவும் கிழவன் மூத்திரம் மாதிரி, சொட்டிச் சொட்டி வந்தது.

ரோமன் இன்னொரு தடவை தள்ளினான். அதே கதை.

"என்ன?" என்றாள் ஆர்டிஸ்.

"கொஞ்சம் வேலை இருக்கு."

அவள் போகவில்லை. அடுப்புப் பக்கத்தில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கையுறைகளைக் கழற்றி மடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன் ரோமன். ஓட்டறவர் பக்கத்துல உக்காந்திருக்கிறவ 'பொறு'ன்னு கத்தினா, ஓட்டறவர் கால் தானா பெடலை விட்டு எழுந்துடுமா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"நான் கத்தினேன்."

அடுப்பில் கட்டை ஒன்று சரிந்தது.

"லாரி வர்றதைப் பார்த்தேன். 'பொறு வெர்ன்'னு கத்தினேன். கார் நின்னுடுச்சு. கத்தாம இருந்திருந்தா அவர் பாட்டுக்குப் போயிருப்பார். போலீஸ்கிட்ட சொல்லலை. பையன்கிட்ட சொல்லலை. பாதிரியார்கிட்ட சொல்லப் போனேன், அங்கயும் வேற எதையோ சொல்லிட்டு வந்துட்டேன்." குரலில் அழுகை எதுவும் இல்லை. பால்காரனுக்குச் சொல்லவேண்டிய கணக்கைச் சொல்வது மாதிரிச் சொன்னாள். "கார் சாமான் தெரிஞ்சவன் நீ. அதான் கேட்டேன்."

வெர்னன் போன் செய்த விஷயம் ரோமனுக்கு வாய் வரைக்கும் வந்தது. கடைசியில் பாதியைச் சொன்னான்.

"இந்தக் கார்புரேட்டர் சரியில்லை ஆர்டிஸ். வேகமா மிதிச்சா இன்ஜின் ஒரு நொடி படுத்திருக்கும். நீங்க கத்தினாலும் கத்தலைன்னாலும்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "என் மனசு ஆறணும்னு சொல்றியா?"

"இல்லை."

"அப்போ காட்டு. உன் வண்டியில மாட்டு. எனக்குப் பார்க்கணும்."

அவன் தயங்கினான். அவளோ வாளியிலிருந்து எழுந்து, வெள்ளைக் கார்மேல் கிடந்த போர்வையை மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

நாலு நட்டு, ஒரு பெட்ரோல் குழாய், ஒரு கம்பி. அரை மணி நேரத்தில் தன்னுடையதைக் கழற்றிவிட்டு வெர்னனுடையதை மாட்டினான். ஐடிலிங்கில் இன்ஜின் ஒழுங்காகத்தான் நின்றது. வெர்னனின் காது நல்ல காது. சனிக்கிழமை ஆளில்லாமல் கிடக்கும் சர்ச் வாகன நிறுத்தத்துக்கு மெதுவாக ஓட்டிப்போனான். ஆர்டிஸ் பக்கத்து இருக்கையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இப்போ மெதுவா எடுக்கறேன், பாருங்க." கார் வெண்ணெய் மாதிரி நகர்ந்தது. நிறுத்தினான். "இப்போ அவசரமா எடுக்கறேன்."

மிதித்தான். கார் ஒரு முழம் பாய்ந்தது. பாய்ந்ததும் இன்ஜின் எதையோ விழுங்கிய மாதிரி ஓசையடங்கிப் போனது. காரின் மூக்கு கீழே சாய்ந்தது. கைப்பை அவள் மடியிலிருந்து முன்னால் சறுக்கியது. ஒன்று என்று எண்ணுவதற்குள் இன்ஜின் இருமிக்கொண்டு திரும்ப எழுந்து, கார் வெட்டி இழுத்தது.

"நீ காலை எடுத்தியா?"

"எடுக்கலை. பெடல் தரையோட தரையா இருக்கு, குனிஞ்சு பாருங்க."

"இன்னொரு தடவை."

மூன்று தடவை செய்தான். நான்காவது தடவை அவள் கதவைத் திறந்துகொண்டு சுற்றி வந்து, அவனை நகரச் சொன்னாள். அவளே மிதித்தாள். விழுங்கல், சாய்வு, இழுப்பு. நிறுத்திவிட்டுக் கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தபடி இருந்தாள்.

"மடியில உருளைக்கிழங்கு சாலட் கிண்ணம் இருந்தது," என்றாள். "அது முதல்ல சறுக்கிச்சு. நான் கிண்ணத்தைப் பிடிச்சேன். பிடிச்சுட்டு நிமிந்தப்புறம்தான் லாரியைப் பார்த்தேன். அப்புறம்தான் கத்தினேன். கிண்ணம்தான் முதல்ல."

அது நடந்ததன் ஞாபகமா, நடந்திருக்கவேண்டும் என்ற ஆசையா, ரோமனால் சொல்ல முடியவில்லை. அதைக் கேட்கிற யோக்கியதை தனக்கில்லை என்று மட்டும் தெரிந்தது.

"அவர் காலை எடுக்கலை," என்றாள் ஆர்டிஸ். பிறகு, "அவருக்கு இது தெரியலையே. தெரிஞ்சிருந்தா என்னை இதுல ஏத்தியிருக்க மாட்டார்," என்றாள்.

இதற்கு மேல் சும்மா இருக்க முடியாது. சும்மா இருந்தால் செத்தவன்மேல் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

"தெரியும் ஆர்டிஸ். எனக்கு போன் பண்ணினான். பத்து நாள் முன்னாடி. எடுக்கறப்ப மூச்சு முட்டுது, வந்து பாருன்னான். நான் கண்காட்சி முடியட்டும்னேன். மெதுவா மிதிச்சு ஓட்டுன்னு சொன்னேன். பொறுன்னு சொன்னேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நீயும் சொன்னியா," என்றாள்.

இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவியை அவன் கையில் வைத்தாள். "திரும்பி ஓட்டு. அதைக் கழட்டிக் குடு."

ஷெட்டில் அவன் கழற்றிக்கொண்டிருந்தபோது அவள் உள்ளே வரவில்லை. வாசலில் குளிரில் நின்றாள். ரோமனின் மனைவி ஐரீன் சமையலறையிலிருந்து காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆர்டிஸ் அதை நின்றபடியே குடித்து, நன்றி சொல்லிக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தட்டையும் கார்புரேட்டரையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மத்தியானம் ஐரீன் சாப்பாட்டு மேஜையில் கேட்டாள்: "சொல்லிட்டியா?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"அந்த போனை எடுத்து உன் கையில குடுத்தவளே நான்தான். வெர்னன் குரல், அப்புறம் நீ 'பொறு, பொறு'ங்கறே. ஏழு மாசமா வாயைத் தைச்சுக்கிட்டிருந்தே. கண்ணாடி ஆலையில உலையைக் காத்தவன், சொந்த வயித்துல உலையைக் காத்துக்கிட்டிருந்தே."

"நீ ஏன் சொல்லலை அப்போ?"

"நானா பொறுன்னு சொன்னேன்?" என்றாள் ஐரீன். பிறகு முட்டைக்கோஸ் பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். "தின்னு."

மூன்று வாரம் ஆர்டிஸிடமிருந்து சத்தமில்லை. ஈஸ்டர் வந்தது, போனது. இப்போது சர்ச்சில் ரோமன் இடம் மாறி உட்காரவில்லை. அவள் பார்க்கிற இடத்தில்தான் உட்கார்ந்தான். அவள் பார்க்கவில்லை. வந்தவர்களின் வேலையை எடுத்தான், செய்தான், கொடுத்தான். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை காலை ஆர்டிஸ் அதே தட்டோடு வந்து நின்றாள். வணக்கம் எதுவும் சொல்லவில்லை.

"மன்ரோக்காரர் வியாழக்கிழமை வர்றார். அவருக்கும் பெண்டாட்டி இருப்பா, பிள்ளைங்க இருக்கும். இதை இப்படியே குடுக்க மாட்டேன். சரி பண்ணு. சரி ஆகற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

"ஒரு ஆள் பெடலை மிதிச்சா எனக்குச் சௌகரியம்," என்றான் ரோமன்.

"மிதிக்கிறேன்."

முதலில் பிரித்தான். பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது இரண்டு ஓட்டைகளில் ஒன்றில் வெளிச்சம் வரவில்லை. மெல்லிய கம்பியை விட்டுச் சுழற்றினான். கறுப்பாக ஒரு துணுக்கு வெளியே வந்தது. வெர்னன் பழைய காகித வாஷரைச் சுரண்டியபோது உதிர்ந்த பிசிறு. அதைத் தன் உள்ளங்கையில் வைத்து ஆர்டிஸிடம் நீட்டினான். அரிசிக் குருணையில் பாதி இருக்கும். அவள் குனிந்து பார்த்தாள், தொடவில்லை.

"இதுவா?"

"இதுவும்."

அடுத்தது பம்பின் கை. நெம்புகோலுக்கும் பம்புக்கும் நடுவே இடைவெளியே இருக்கக்கூடாது. வெர்னன் மாட்டியதில் ஒரு ஐந்து சென்ட் நாணயம் நுழைகிற அளவு இடைவெளி. அதனால்தான் பெட்ரோல் பிந்தி வந்தது. நட்டைத் திருகித் திருகி இடைவெளியை இல்லாமல் செய்தான். முழுக்க மிதித்தாலும் பம்ப் தட்டி முட்டாமல் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறதா என்று அளவுத் தகட்டை விட்டுப் பார்த்தான். வெள்ளைக் காரில் மாட்டி, இன்ஜினைக் கிளப்பினான்.

"இப்போ சரியா?" என்றாள் இருக்கையிலிருந்து.

"அவசரப்படாதீங்க. ஐடிலிங்கே பொய்யா நிக்குது."

வெர்னன் இன்ஜின் அணையாமல் இருக்கவேண்டும் என்று ஐடிலிங் ஸ்குருவை அளவுக்கு மேல் உள்ளே திருகியிருந்தான். காற்றுக் கதவு சும்மா நிற்கும்போதே பாதி திறந்து கிடந்தது. மிதிக்கும்போது திறக்க வேண்டிய பெட்ரோல் வழி முன்கூட்டியே திறந்து செலவாகிப்போகும். பிறகு மிதிக்கிற நேரத்தில் கொடுக்க ஒன்றும் இருக்காது. ரோமன் ஸ்குருவைத் தளர்த்தினான். இன்ஜின் தள்ளாடியது. பக்கவாட்டில் இருக்கும் இரண்டு சின்ன ஸ்குருக்களைக் கால் சுற்று, அரைக்கால் சுற்று என்று மாற்றி மாற்றித் திருப்பினான். கண் முழுக்க, இன்ஜினின் உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜின் முள்மேல். முள் நடுங்கிக்கொண்டிருந்தது, மெல்ல ஏறியது, ஓரிடத்தில் கல் மாதிரி நின்றது. இன்ஜினின் ஓசையும் கூடவே சமமாயிற்று.

"இப்போ பட்டுனு மிதிங்க. மிதிச்சு விட்டுடுங்க."

மிதித்தாள். முன்பிருந்த மரணம் இல்லை. ஆனால் லேசாக ஒரு தும்மல்.

"இருக்கு. இன்னும் இருக்கு," என்றாள் ஆர்டிஸ் உடனே.

"கேட்டுச்சு."

"சின்னதா இருக்குன்னு விட்டுடாதே."

"நான் விடறேன்னு சொன்னேனா?"

நாசிலைக் கழற்றிவிட்டு அடுத்த அளவு பெரிய ஓட்டை உள்ளதைப் போட்டான். மிதித்தாள். தும்மல் போய்விட்டது போலத்தான் இருந்தது. அவள் ஐந்து தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, ஆறாவது தடவையில் கையை உயர்த்தினாள். அவனுக்கும் கேட்டிருந்தது. அதற்கும் பெரியதைப் போட்டான். இந்த முறை பின்னால் குழாயிலிருந்து கறுப்புப் புகை புரண்டது. ஐரீன் ஜன்னலைத் திறந்து, "துணி காயுது அங்க," என்று சொல்லிவிட்டு மூடினாள். திரும்ப நடு அளவுக்கே வந்து, தீப்பொறி விழும் இக்னிஷன் நேரத்தை ஒரு மயிரிழை முன்னால் தள்ளினான். மிதித்தாள். இன்ஜின் நின்ற நிலையிலிருந்து ஒரே மூச்சில் எழுந்தது.

இருபது தடவை மிதித்தாள். சூடு ஆறட்டும் என்று முக்கால் மணி நேரம் நிறுத்திவைத்து, குளிர்ந்த இன்ஜினில் இன்னும் இருபது தடவை மிதித்தாள். இதற்கு நடுவே வேறு பேச்சு எதுவும் நடக்கவில்லை. "மிதிங்க", "விடுங்க", "திரும்ப", அவ்வளவுதான். ரோமனுக்கு அது ஒரு வகையில் எளிதாக இருந்தது.

மூன்று மணிக்குச் சாலைக்குப் போனார்கள். அவள்தான் ஓட்டினாள். கிளைச் சாலையின் முனையில், நெடுஞ்சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்த இடத்தில் நின்றாள். எந்த இடம் என்று ரோமனுக்குத் தெரியும். அதை அவளும் சொல்லவில்லை, அவனும் சொல்லவில்லை. அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு வேன் போனது. ஒரு எண்ணெய் லாரி போனது. காலியானதும் மிதித்தாள். கார் அந்தப் பக்கம் போய் நின்றது. திருப்பினாள், இன்னொரு தடவை கடந்தாள். நாலு தடவை கடந்துவிட்டு வீட்டுக்கு ஓட்டினாள். கழுத்துப் பட்டைக்கு மேல் அவள் காது சிவந்திருந்தது.

ஷெட்டுக்கு வந்து இறங்கியதும், "காகிதம் இருக்கா?" என்றாள்.

"எதுக்கு?"

"எழுதிக் குடு. இதுல என்ன கோளாறு இருந்துச்சு, நீ என்ன பார்த்தே, எல்லாம். அவர் போன் பண்ணினது, நீ சொன்னது, அதையும்."

ரோமன் கைகளைத் துடைத்துக்கொண்டே நின்றான். "யாருக்கு? போலீசுக்கா?"

"லாரி ஓட்டினவருக்கு. எலிசியோன்னு பேரு. ஃப்ரீமான்ட் பக்கம் இருக்கார். கிறிஸ்மஸுக்குக் கடிதம் போட்டிருந்தார். கண்ணை மூடினா பச்சைக் கார் நடு ரோட்ல நிக்குதாம். பிரேக்கை அரை நொடி முன்னாடி போட்டிருந்தா, அரை நொடி முன்னாடி போட்டிருந்தான்னு நாலு பக்கம் எழுதியிருக்கார். லாரியை விட்டுட்டாராம். நான் பதில் போடலை. என்னன்னு போடறது? நான்தான் கத்தி நிறுத்தினேன்னு போடறதா?" கையுறைகளை ஒவ்வொரு விரலாக மாட்டினாள். "அவர் பங்குக்கு அவரும் ஒண்ணைச் சுமந்துக்கிட்டுத் திரியறார். நான் சொன்னா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைப்பார். சாமான் தெரிஞ்சவன் எழுதினா நம்புவார்."

ரோமன் வேலைச் சீட்டு தவிர வேறு எதையும் எழுதிப் பழகியவனில்லை. சமையலறை மேஜையில் உட்கார்ந்தான். ஐரீன் கோடு போட்ட தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நாசில், பிசிறு, பம்பின் இடைவெளி, ஐடிலிங் ஸ்குரு. இந்தப் பகுதி சுலபமாக வந்தது. ஓட்டுகிறவர் எவ்வளவு மிதித்தாலும் அந்த ஒரு நொடி கார் எழுந்திருக்காது, யார் ஓட்டியிருந்தாலும் இதுதான், என்று எழுதினான். அடுத்த பத்திக்கு வந்ததும் பேனா நின்றது. 'ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி வெர்னன் எனக்கு போன் செய்து உதவி கேட்டார். எனக்கு நேரம் இருந்தது. நான் போகவில்லை,' என்று எழுதி, 'எனக்கு நேரம் இருந்தது' என்பதை அடிக்கலாமா என்று யோசித்து, அடிக்காமல் விட்டான். கீழே பெயரையும் போன் நம்பரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

ஆர்டிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். மடித்துப் பையில் வைத்தாள்.

"ஆர்டிஸ்," என்று ஆரம்பித்தான்.

"வேண்டாம்," என்றாள் அவள். "இன்னைக்கு வேண்டாம்."

கார்புரேட்டரை அவனே தட்டில் வைத்து, துணி போட்டு, அவள் வண்டி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனான். மன்ரோக்காரர் வியாழக்கிழமை வந்து இன்ஜினையும் அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார் என்று பிறகு கேள்விப்பட்டான்.

மே மாதம் ஒரு நாள் எலிசியோவிடமிருந்து போன் வந்தது. ரோமன் எடுத்தான். அந்த ஆள் முதலில் கார்புரேட்டரைப் பற்றித்தான் கேட்டார். பம்ப் என்றால் எப்படி, ஒரு நொடி என்றால் உண்மையில் எவ்வளவு, லாரி அன்று போன வேகத்தில் ஒரு நொடிக்கு எத்தனை அடி. ரோமன் தெரிந்ததைச் சொன்னான். தெரியாததைத் தெரியாது என்றான். "நீங்க அதை எழுதாம இருந்திருக்கலாம்," என்றார் எலிசியோ முடிவில். "ரெண்டாவது பத்தியை." ரோமன், "இருந்திருக்கலாம்," என்றான். அவர் இப்போது தக்காளி ஆலையிலேயே எடை மேடையில் வேலை பார்ப்பதாகவும், லாரிக்குத் திரும்புவதாக இல்லை என்றும், தூக்கம் மட்டும் பரவாயில்லை என்றும் சொன்னார்.

ஆர்டிஸ் அவனை மன்னித்ததாக ரோமன் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. அவளும் அப்படி எதுவும் சொன்னதில்லை. சர்ச் வாசலில் எதிர்ப்பட்டால் ஐரீனிடம் நின்று பேசுவாள், இவனைப் பார்த்துத் தலையை ஆட்டுவாள்.

ஜூலையில், சரியாக மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரத்தில், போன் அடித்தது.

"புல் வெட்டற மிஷின் கிளம்ப மாட்டேங்குது," என்றது ஆர்டிஸின் குரல். "புல் முழங்கால் வரைக்கும் வந்துடுச்சு. எப்போ வருவே?"

"இப்போ வர்றேன்."

ஐரீன் அவன் தட்டில் அப்போதுதான் பியரோகிக் கொழுக்கட்டையைப் போட்டிருந்தாள். "ஆறிடும்," என்றாள்.

"ஆறட்டும்."

புல்வெட்டியின் கார்புரேட்டர் அவன் கட்டைவிரல் அளவுதான். போன வருஷத்துப் பெட்ரோல் உள்ளே பிசினாகிக் கிடந்தது. அவளுடைய கொல்லைப் படிக்கட்டில் உட்கார்ந்து கழற்றிக் கழுவி மாட்ட இருபது நிமிஷம் ஆனது. மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. அவன் கைப்பிடியைப் பிடிக்கப் போனான். ஆர்டிஸ் அவன் கையை விலக்கிவிட்டு, தானே தள்ளிக்கொண்டு வேலியோரமாகப் போனாள். உடைந்து சேர்ந்த மணிக்கட்டைக் கொஞ்சம் கோணலாக வைத்துத்தான் பிடித்தாள். ரோமன் ஒரு சுற்று முடிகிற வரைக்கும் இன்ஜினின் ஓசையைக் கேட்டுக்கொண்டு நின்றான். சீராகத்தான் ஓடியது. கருவிகளைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனான்.